சிஎம்எஃப் போன் 1 வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஜூலை 8 அன்று இந்தியாவில் அறிமுகமான சிஎம்எஃப் போன் 1, 6 ஜிபி ரேமும் 128 ஜிபி சேமிப்பும் கொண்ட வடிவத்தில் 15,999 ரூபாய்க்கு வந்தது. 8 ஜிபி ரேம் கொண்டது 17,999 ரூபாய். இப்போதும் பழைய போனாக வாங்க நினைப்பவர்கள், வீட்டில் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், அதே விலையில் வேறொன்றோடு ஒப்பிடுபவர்கள் என்று பலரும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். இந்த விலையில் ஒரு போனைச் செய்பவர் எங்காவது செலவைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். எங்கே குறைத்தார்கள், அந்தக் குறை உங்கள் அன்றாடத்தில் உறுத்துமா என்ற கண்ணோடுதான் கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

சிஎம்எஃப் என்றால் எந்தக் கம்பெனி? பேர் கேள்விப்பட்டதில்லையே.

லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட நத்திங் நிறுவனத்தின் துணை பிராண்ட் இது. ஒன்பிளஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்ல் பெய், அங்கிருந்து விலகி 2020இல் நத்திங்கை ஆரம்பித்தார். முதுகில் விளக்கு மின்னும் போன்களுக்குப் பெயர்போன நிறுவனம் அதுதான். விலை குறைந்த பொருள்களுக்காக 2023இல் சிஎம்எஃப் பெயரில் இயர்பட்ஸ், வாட்ச் என்று இறக்கினார்கள். அந்தப் பெயரில் வந்த முதல் போன் இது. விளக்கு அலங்காரம் எதுவும் இதில் கிடையாது.

பெட்டியில் சார்ஜர் வருமா?

வராது. கேபிள் மட்டும்தான். வீட்டில் நல்ல டைப்-சி சார்ஜர் ஏதும் இல்லையென்றால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். 15,999 என்று நினைத்துப் போய், சார்ஜர், டெம்பர்டு கிளாஸ் எல்லாம் சேர்ந்து பதினேழாயிரத்தைத் தாண்டி வீட்டுக்கு வருவது சகஜம். விளம்பரத்தில் உள்ள விலையைவிட இந்தக் கூட்டுத்தொகையைத்தான் மற்ற போன்களின் விலையோடு ஒப்பிட வேண்டும்.

திரை எப்படி?

இந்தப் போனில் காசுக்குக் குறைவில்லாமல் கிடைப்பது திரைதான். 6.67 அங்குல அமோலெட், முழு எச்டி தெளிவு, விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கும் வேகம். அந்த விலையில் எல்சிடி திரை கொடுத்த போன்கள் அப்போது நிறையவே இருந்தன. அமோலெட்டில் கறுப்பு கறுப்பாகவே தெரியும். எழுத்துகளை நகர்த்திக்கொண்டே படிக்கும்போது அந்த 120-இன் அருமை தெரியும். நாள் முழுக்க போனில் செய்தி படிப்பவர், பாடம் படிக்கும் மாணவர் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பட்டியலில் மேலே வைப்பேன்.

வெளிச்சத்தைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. 2000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) என்று விளம்பரத்தில் போட்டிருப்பது உச்ச அளவு. அந்த உச்சம் எல்லா நேரமும், திரை முழுக்கவும் வராது. வழக்கமான அளவு அதைவிட நன்றாகவே குறைவு. உச்சி வெயிலில் பைக்கில் மேப் பார்த்து ஓட்டுகிறவர்கள் ஏதாவது நிழலில் நிறுத்திப் பார்க்க வேண்டிவரலாம்.

வேகம் போதுமா? 6 ஜிபி எடுப்பதா, 8 ஜிபி எடுப்பதா?

உள்ளே இருப்பது மீடியாடெக்கின் டைமென்சிட்டி 7300. 4 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்ட சிப். கனமான வேலைக்கு 2.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கார்டெக்ஸ் ஏ78 கோர்கள் (சிப்புக்குள் வேலையைப் பகிர்ந்து செய்யும் பகுதிகள்), இலகுவான வேலைக்கு நான்கு ஏ55 கோர்கள். வாட்ஸ்அப், யூடியூப், வங்கிச் செயலி, ரயில் டிக்கெட், மேப் என்று மாறி மாறித் திறந்தாலும் திணறாது. சூடும் அவ்வளவாக ஏறாது. இந்த விலையில் அந்த நாளில் கிடைத்த நல்ல சிப்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம்.

சேமிப்பு யூஎஃப்எஸ் 2.2 வகை. இதைவிட வேகமான யூஎஃப்எஸ் 3.1 விலை கூடிய போன்களில் வரும். பெரிய செயலி ஒன்றை நிறுவும்போதும், ஆயிரக்கணக்கான படங்களை ஒரே நேரத்தில் நகல் எடுக்கும்போதும் இந்த வித்தியாசம் தெரியும். மற்ற நேரத்தில் கவனத்துக்கே வராது.

மூன்று வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் 8 ஜிபி எடுங்கள். செயலிகள் வருடத்துக்கு வருடம் பருத்துக்கொண்டே போகின்றன. மெமரி கார்டு போட்டுச் சேமிப்பைக் கூட்டலாம், ரேமைப் பின்னால் கூட்ட வழியில்லை. சேமிப்பிலிருந்து கொஞ்சத்தைக் கடன் வாங்கி ரேமாகக் காட்டும் வசதி இதிலும் உண்டு. அதை நம்பி 6 ஜிபி எடுக்க வேண்டாம், உண்மையான ரேமின் வேகம் அதற்கு வராது.

கேம் விளையாடப் பையன் கேட்கிறான். வாங்கித் தரலாமா?

சாதாரண விளையாட்டுக்குத் தாராளமாக. ஆனால் இந்தச் சிப்பின் கிராபிக்ஸ் பகுதி மாலி-ஜி615, அதுவும் இரண்டே கோர்கள் கொண்டது. மற்ற வேலைகளில் உள்ள சுறுசுறுப்பை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. பெரிய கேம்களை நடுத்தர அமைப்பில் வைத்து விளையாட வேண்டியிருக்கும். கேம்தான் முதல் தேவை என்றால் அதே 2024இல் 19,999 ரூபாய்க்கு வந்த ஐகூ இசட்9-ஐப் பாருங்கள். அதிலுள்ள டைமென்சிட்டி 7200 சிப்பின் கிராபிக்ஸ் இதைவிட வலுவானது.

கேமரா பின்னால் இரண்டு இருக்கிறதே, இரண்டுமே நன்றாக எடுக்குமா?

படம் எடுப்பது ஒன்றுதான். 50 மெகாபிக்சல் முதன்மைக் கேமராவுக்குச் சோனி சென்சார். பக்கத்தில் இருப்பது, ஆளின் பின்னணியை மங்கலாக்கும் கணக்குக்காக வைத்த துணைச் சென்சார். அதை வைத்துத் தனியாகப் படம் எடுக்க முடியாது. இந்த விலைப் போன்கள் பலவற்றில் இது நடக்கிறது. முதுகில் எத்தனை வட்டம் இருக்கிறது என்று எண்ணி வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

பகல் வெளிச்சத்தில் முதன்மைக் கேமரா நல்ல படம் தரும். நிறம் மிகையில்லாமல் வரும், முகம் இயல்பாக இருக்கும். இரவில்தான் சிக்கல். கை நடுக்கத்தை லென்ஸை அசைத்தே சரிக்கட்டும் ஓஐஎஸ் இதில் இல்லை, மென்பொருள் வழியாகச் சமாளிக்கும் முறை மட்டும்தான். வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கை லேசாக அசைந்தாலும் படம் கலங்கிவிடும். கோயில் திருவிழாவில் தேர் நகரும்போது, கல்யாண வரவேற்பில் மேடையிலிருந்து ஆள் இறங்கி வரும்போது எடுத்துப் பார்த்தால் இது புரியும். இரவில் எடுக்கும்போது சுவரிலோ தூணிலோ சாய்ந்து நின்று எடுங்கள். நைட் மோடில் படம் பதிந்து முடியும்வரை போனை இறக்காதீர்கள். பாதிப் படங்கள் அதனாலேயே பிழைக்கும்.

அகலக் கோணக் கேமரா இல்லை என்பது இன்னொரு குறை. சின்ன வரவேற்பறையில் இருபது பேரை ஒரே படத்தில் நிறுத்த வேண்டுமென்றால் பின்னால் நகர இடம் வேண்டும். நம் வீடுகளில் அது கிடைக்காது. குடும்பப் படம் எடுப்பவர் நீங்கள்தான் என்றால் இந்தக் குறையைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். வீடியோ பின்கேமராவில் 4கே வரை, விநாடிக்கு 30 படச்சட்டம். முன்கேமரா 16 மெகாபிக்சல், வீடியோ அழைப்புக்கும் செல்ஃபிக்கும் சரி.

பின்மூடியைக் கழற்றலாம் என்கிறார்களே, அது வெறும் ஜோடனையா?

இந்தப் போனைப் பற்றி அதிகம் பேசப்பட்டதே அதைத்தான். நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் பின்மூடி தனியே வந்துவிடும். கறுப்பு, இளம்பச்சை, ஆரஞ்சு, நீலம் என நான்கு நிறம். முதல் இரண்டும் பிளாஸ்டிக், பிந்தைய இரண்டும் செயற்கைத் தோல். கீழ் மூலையில் வட்டமான ஒரு திருகு உண்டு. அந்த இடத்தில் போனை நிறுத்தி வைக்கும் தாங்கி, கழுத்துக் கயிறு, அட்டை வைக்கும் உறை ஆகியவற்றைப் பொருத்திக்கொள்ளலாம். அறிமுகத்தின்போது மாற்று மூடி 1,499 ரூபாய், மற்றத் துணைப்பொருள்கள் 799 ரூபாய்.

முதலில் பார்க்கும்போது விளையாட்டுச் சாமான் போலத்தான் தோன்றும். ஆனால் இதன் உண்மையான பயன் வேறு. கண்ணாடி முதுகு கொண்ட போன் கீழே விழுந்து விரிசல் விட்டால், அதை மாற்ற சர்வீஸ் சென்டருக்குப் போய், சூடாக்கிப் பசையை இளக்கி, பழையதைப் பெயர்த்து எடுத்து என்று பெரிய வேலை. இங்கே மூடியில் கீறல் விழுந்தாலோ உடைந்தாலோ வீட்டு மேஜையிலேயே மாற்றிவிடலாம். உறை போடாமல் போனை வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை. முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருப்பவர்கள் தாங்களே மூடி செய்து போட்டுக்கொண்டதும் உண்டு.

ஸ்க்ரூ மிகவும் சின்னது. கழற்றும்போது கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். பொருந்தாத திருப்புளியை வைத்து அழுத்தினால் ஸ்க்ரூ தலை தேய்ந்துவிடும், பிறகு கழற்றுவது பெரும்பாடு.

அப்படியானால் பேட்டரியையும் நானே மாற்றலாமா?

வேண்டாம். மூடியைத் திறந்தால் பேட்டரி கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். பழைய நோக்கியா போனில் எடுத்துப் போட்டதுபோல் மாற்ற இது வடிவமைக்கப்படவில்லை. லித்தியம் பேட்டரியைத் திருப்புளியால் நெம்பினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. இந்த இடத்தில் நிறுவனம் ஒரு நல்ல வாய்ப்பை விட்டுவிட்டது என்பது என் எண்ணம். மூடியை இவ்வளவு எளிதாகக் கழற்ற வைத்தவர்கள் பேட்டரியையும் அதே எளிமையோடு மாற்ற வைத்திருந்தால், இந்தப் போனின் ஆயுள் இரண்டு மூன்று வருடம் கூடியிருக்கும்.

மழையில் நனையலாமா?

கூடாது. இதன் தரச்சான்று ஐபி52. முதல் எண்ணான 5, தூசியிலிருந்து ஓரளவு காப்பதைக் குறிக்கிறது. இரண்டாவது எண்ணான 2, போன் 15 பாகை வரை சாய்ந்திருக்கும்போது மேலிருந்து சொட்டும் நீரைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீருக்கு 4 என்ற எண் வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் டெலிவரி வேலை பார்க்கிறவர்கள், கடற்கரையோரம் மீன் ஏலத்தில் நிற்கிறவர்கள், சமையலறையில் ஈரக்கையோடு போன் எடுக்கிறவர்கள் கட்டாயம் நீர்புகா உறை போட்டுக்கொள்ள வேண்டும். பின்மூடியைக் கழற்றி மாட்டினால் ஸ்க்ரூக்களை முழுதாக முறுக்கினோமா என்று ஒருமுறை பாருங்கள். நனைந்துவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள்.

என்எஃப்சி இல்லையாமே?

இல்லை. அருகே வைத்தாலே இரண்டு கருவிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் வசதி அது. க்யூஆர் ஸ்கேன் செய்து யூபிஐயில் பணம் கட்டுகிறவர்களுக்கு இதனால் நஷ்டம் எதுவும் இல்லை. கடை இயந்திரத்தில் போனையே தட்டிப் பணம் கட்டுகிறவர்களுக்கும், வெளிநாட்டுப் பயணம் அடிக்கடி போகிறவர்களுக்கும்தான் இது குறை.

இரண்டு சிம், கூடவே மெமரி கார்டு. மூன்றும் போட முடியுமா?

முடியாது. இரண்டாவது இடம் சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் பொது. இரண்டு சிம் போட்டால் 128 ஜிபியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு சிம் போதும் என்பவர்கள் 2 டிபி வரை கார்டு போடலாம். வேலைக்கு ஒரு எண், வீட்டுக்கு ஒரு எண் என்று வைத்திருப்பவர்கள் இதை வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் 5ஜி கிடைக்கும்.

பாட்டு, சினிமாவுக்கு எப்படி?

கீழே ஒரே ஒரு ஸ்பீக்கர். படுக்கையில் போனைக் கிடையாகப் பிடித்துப் படம் பார்த்தால் உள்ளங்கை அதை மூடிவிடும், ஒலி அமுங்கும். ஹெட்போன் செருக 3.5 மிமீ துளையும் இல்லை. ப்ளூடூத் இயர்பட்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. இல்லாதவர்களுக்கு இது எரிச்சலூட்டும். திரை இவ்வளவு நன்றாக இருந்தும் ஒலியில் கைவைத்தது எனக்கு வருத்தம்தான்.

சார்ஜ் ஒரு நாள் நிற்குமா?

நிற்கும். 5000 எம்ஏஎச் பேட்டரியும் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் சிப்பும் சேர்ந்ததால் சாதாரணப் பயன்பாட்டில் காலையிலிருந்து இரவு படுக்கும்வரை கவலையில்லை. 33 வாட் சார்ஜரில் முதல் 20 நிமிடத்தில் 50 சதவீதம் ஏறும் என்று நிறுவனம் சொல்கிறது. முழுதாக ஏற ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கேபிள் போட்டு இயர்பட்ஸ் பெட்டி போன்ற சின்னச் சாமான்களுக்கு இதிலிருந்தே மின்சாரம் கொடுக்கவும் வழி உண்டு, 5 வாட் வேகத்தில்.

அப்டேட் எத்தனை வருடம்?

ஆண்ட்ராய்டு 14-ஐக் கொண்டு வந்தது. இரண்டு பெரிய ஆண்ட்ராய்டு பதிப்புகள், மூன்று வருடப் பாதுகாப்புத் திருத்தங்கள் என்பது கொடுத்த வாக்கு. கணக்குப் போட்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 வரை.

இது இந்தப் போனின் பெரிய பலவீனங்களில் ஒன்று. திரையும் சிப்பும் ஐந்து வருடம் உழைக்கக்கூடியவை. மென்பொருள் அதற்கு முன்பே நின்றுவிடும். 2027க்குப் பிறகு போன் ஓடாமல் போய்விடாது. அழைப்பு, படம், பாட்டு எல்லாம் நடக்கும். ஆனால் அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படாமலே கிடக்கும். வங்கிக் கணக்கும் ஆதாரும் சேமிப்பும் ஒரே கருவியில் இருக்கும் காலத்தில் அதை அலட்சியமாக விட முடியாது. அந்தக் கட்டத்தில் இதைப் பாட்டு கேட்க, பிள்ளைகள் பாடம் பார்க்க வைத்துக்கொண்டு, பணப் பரிமாற்றத்தை வேறு போனுக்கு மாற்றுவது நல்லது.

மென்பொருளின் தோற்றம் மட்டும் என் மனதுக்குப் பிடித்தது. நத்திங் ஓஎஸ் சுத்தமாக வந்தது. அதே விலையில் வந்த சில போன்களில் அறிவிப்புப் பட்டையைத் திறந்தாலே விளம்பரம் நிற்கும், கேட்காத செயலிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அந்தத் தொல்லை இல்லாமல் வந்தது இதன் பெருமை.

அம்மா அப்பாவுக்கு வாங்கித் தரலாமா?

தரலாம். முதல் நாளே சில வேலைகளைச் செய்துகொடுங்கள். அமைப்புகளில் மொழியைத் தமிழாக்குங்கள், எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். நத்திங்கின் கறுப்பு வெள்ளை ஐகான்கள் இளைஞர்களுக்கு அழகாகத் தெரியலாம், ஆனால் வயதானவர்கள் ஒவ்வொரு செயலியையும் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். ஆகவே வண்ண ஐகான்களுக்கு மாற்றுங்கள். விசைப்பலகையில் தமிழ்க் குரல் உள்ளீட்டைப் போட்டுக் காட்டுங்கள், தட்டச்சு செய்ய அலுத்துக்கொள்பவர்கள் பேசியே செய்தி அனுப்பிவிடுவார்கள். கைரேகை திரைக்குள் இருப்பதால், வீட்டு வேலையால் விரல் காய்த்துப்போனவர்களுக்குச் சில நேரம் எடுக்காது. ஒரே விரலை இரண்டு முறை பதிந்து வையுங்கள், எண் பூட்டையும் எழுதிக் கொடுங்கள்.

அதே விலையில் அப்போது வேறு என்ன இருந்தது?

மோட்டோ ஜி64, 14,999 ரூபாய். ஓஐஎஸ் உண்டு, 6000 எம்ஏஎச் பேட்டரி, இரட்டை ஸ்பீக்கர். ஆனால் திரை எல்சிடி, சிப்பும் ஒரு படி கீழே. கொஞ்சம் மேலே போனால் 2024 ஜூலையிலேயே 19,999 ரூபாய்க்கு வந்த சாம்சங் கேலக்ஸி எம்35. அதில் அகலக் கோணக் கேமரா, ஓஐஎஸ், 6000 எம்ஏஎச் பேட்டரி, நான்கு ஆண்ட்ராய்டு பதிப்புகள், ஐந்து வருடப் பாதுகாப்புத் திருத்தங்கள். நீண்ட காலம் வைத்திருக்கப் போகிறவர், குடும்பப் படம் நிறைய எடுப்பவர் என்றால் அந்தக் கூடுதல் பணம் வீண்போகாது. படிக்க, பார்க்க, வேகமாக வேலை முடிக்க என்றால் சிஎம்எஃப்தான் என் தேர்வு.

போன் 2 ப்ரோ வந்துவிட்டதே?

2025 ஏப்ரல் 28 அன்று வந்தது, 8 ஜிபி 128 ஜிபி வடிவம் 18,999 ரூபாய். மேலே சொன்ன குறைகளில் பலவற்றை அதில் சரிசெய்திருக்கிறார்கள். அகலக் கோணத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்று உண்மையாகவே படம் எடுக்கும் கேமராக்கள், ஐபி54, மூன்று ஆண்ட்ராய்டு பதிப்புகள், ஆறு வருடப் பாதுகாப்புத் திருத்தங்கள். பின்மூடியைக் கழற்றி மாற்றும் வசதியை மட்டும் எடுத்துவிட்டார்கள். புதிதாக வாங்குவதானால் அதையே வாங்குங்கள். முதல் போனைப் பழையதாக, நல்ல விலைக்குக் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

பழையது வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐயை எடுங்கள். அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலோ, ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று அடித்து இடைவெளி விட்டு அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பியோ சரிபார்க்கலாம். திருட்டுப் போனென்று தடைசெய்யப்பட்டிருந்தால் அதில் தெரிந்துவிடும். பில்லில் உள்ள எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பிறகு ஸ்க்ரூக்களின் தலையைப் பாருங்கள். எல்லாமே தேய்ந்திருந்தால் பலமுறை திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தப் போனில் மூடி புதிதாகப் பளபளப்பதை நம்பாதீர்கள், அதைத்தான் நொடியில் மாற்றிவிடலாமே. திரையின் ஓரத்தையும் நடுச்சட்டத்தையும் பாருங்கள், விழுந்த அடி அங்கேதான் தெரியும். ஒரு வெள்ளைப் படத்தைத் திரை முழுக்க விரித்து மஞ்சள் படிந்திருக்கிறதா, எங்காவது எழுத்தின் நிழல் தங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். விற்பவர் எதிரிலேயே சார்ஜர் செருகி ஏறுகிறதா என்று பாருங்கள், உங்கள் சிம்மைப் போட்டு ஒருவரை அழைத்துப் பேசுங்கள். அவருடைய கூகுள் கணக்கை நீக்கி, போனை முழுதாக அழித்துக் கொடுக்கச் சொல்லி, மீண்டும் திறந்து உங்கள் கணக்கு உள்ளே போன பிறகு பணத்தைக் கொடுங்கள்.